மூணு வயசுக்கு முன்னாடி

எங்க அக்கா பையன் ஒன்றரை வயசாகியும் நடக்கலை. "ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் நடக்கும்"னு தெருவே சொல்லிச்சு. அக்கா அண்ணாமலையாருக்கு வேண்டிக்கிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றினாள். டாக்டரிடம் போனபோது அவனுக்கு மூணு முடிஞ்சிருந்தது. "ஒரு வயசுலயே வந்திருக்கலாமேம்மா" என்றார் அவர். அந்த வார்த்தை இன்னும் உறுத்துது.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்தா. பிளஸ் டூ முடிச்சிருக்கா. "நர்ஸிங் சேரலாமாண்ணா?"

இப்படியும் ஒரு வேலை இருக்குன்னு சொன்னேன். வளர்ச்சி தாமதமான குழந்தைக்குத் தலை நிற்க, உட்கார, பேசப் பழக்குவது. அதைவிட முக்கியமாக, வீட்டில் எப்படிச் செய்வதென்று அம்மாவுக்குக் கற்றுக்கொடுப்பது. 2013-ல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தில், மாவட்ட மையங்களுக்கு இதற்கென்றே ஆட்கள் வேண்டும். ஆய்க்குடி அமர் சேவா சங்கம் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறது.

"எங்க சேர்ந்தாலும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு முதல்ல பாரும்மா" என்றேன்.

அவ அம்மா குறுக்கிட்டாங்க. "மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன வேலைன்னு தம்பி சொல்றது?"

எனக்குச் சட்டென்று பதில் வரலை. அந்த நேரம் பார்த்து அக்கா பையன் சுவரைப் பிடிச்சுக்கிட்டே உள்ளே வந்தான். ஏழு வயசு.

பொண்ணு அவனையே பார்த்துக்கிட்டிருந்தா. "விண்ணப்பம் எப்போண்ணா தருவாங்க?" என்றாள்.