மொட்டைத் தென்னையில் ஒரு பிரசவ வார்டு!

செமஸ்டர் லீவுக்கு ஆனைமலை பக்கம் இருக்கிற எங்க ஊருக்குப் போன முதல் நாளே தூக்கம் காலி. காலை 6.10-க்கு 'டக்... டக்... டக்டக்'னு தோப்பிலிருந்து சத்தம். யாரோ மோட்டார் பைப்பைத் தட்டுறாங்கனு எரிச்சலோட ஜன்னலைத் திறந்தா, வீட்டுக்குப் பின்னால நிக்கிற மொட்டைத் தென்னையில தொங்கிட்டு இருந்தார் சார். தலையில சிவப்புக் கொண்டை, முதுகில் தங்க முலாம். பொன்முதுகு மரங்கொத்தி!

20 வருஷமா இதே வீடு, இதே தோப்பு. ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒரே மரங்கொத்தி, கார்ட்டூன்ல சிரிக்கிற ஊடி உட்பெக்கர்தான். ஃபர்ஸ்ட் இயர்ல காலேஜ் கிரவுண்டுல ஒரு பறவையை போட்டோ எடுத்து 'மரங்கொத்தி'னு இன்ஸ்டாவுல போட்டேன். லைக் அள்ளுச்சு. அப்புறம்தான் ஒரு சீனியர் தனியா கூப்பிட்டுச் சொன்னார், 'தம்பி, அது கொண்டலாத்தி'. (விசிறிக் கொண்டையோட தரையில கொத்திட்டுத் திரியுமே, அதுதான். பாதிப் பேர் இன்னும் அதை மரங்கொத்தினுதான் சொல்லிட்டிருக்கோம்.)

கூன்வண்டு குருத்தைத் தின்னு, தலை விழுந்து போன மரம் அது. தண்டுல வட்டமா ஒரு பொந்து. பொறுமையா பார்த்ததில் ரெண்டு பறவைகள். நெத்தியில இருந்தே சிவப்பா இருந்தா ஆண். முன்தலை கறுப்பா, வெள்ளைப் புள்ளியோட இருந்தா பெண். ரெண்டும் ஷிஃப்ட் போட்டு உள்ளே போயிட்டு வந்துச்சுங்க. அடைகாக்குது!

சிக்கல் என்னன்னா, அந்த மரத்துக்கு நாள் குறிச்சாச்சு.

எங்க பக்கத்துத் தோப்புகளைப் பார்த்தவங்களுக்கு விஷயம் தெரியும். கேரளாவில் 100 வருஷத்துக்கும் மேலா இருக்கிற வேர் வாடல் நோய் இப்போ பொள்ளாச்சி, ஆனைமலை வரைக்கும் வந்தாச்சு. ஃபைட்டோபிளாஸ்மானு ஒரு நுண்ணுயிர் பண்ற வேலை. பூச்சிங்க மூலமா மரத்துக்கு மரம் தாவும். ஓலை விலா எலும்பு மாதிரி உள்பக்கமா வளையும், காய் குறையும், மரம் மெள்ள நொடிஞ்சு போகும். குணமாக்க மருந்து கிடையாது. முத்திப் போன மரத்தை வெட்டுறதுதான் வழி. எங்க தோப்புல 14 மரத்துக்குப் பெயின்ட் அடிச்சிருந்தார் அப்பா. எல்லாம் அப்பாரு கையால வெச்ச மரங்கள். எல்லாமே செங்கல் சூளைக்கு. வர்ற வண்டியிலேயே அந்த மொட்டையும் போகட்டும்னு அதுக்கும் ஒரு கோடு.

"ப்பா, இதை மட்டும் விட்டுடுங்கப்பா. உள்ள முட்டை இருக்கு போல."

அப்பா என்னை ஒரு மாதிரியா பார்த்தார். "ஏன்டா கண்ணு, 14 மரம் போகுது. அதுக்கு நீ ஒரு வார்த்தை கேக்கல. செத்த மரத்துக்குப் பரிஞ்சுட்டு வர்றியா?"

சுருக்னு இருந்துச்சு. பதில் சொல்லத் தெரியலை. கணக்கு மட்டும் சொன்னேன்: முட்டை பொரிய 11 நாள் போல, குஞ்சு பறக்க அதுக்கு மேல 3 வாரம். "ஒரு மாசம் போதும்ப்பா."

"ஒரு மாசம். அதுக்கு மேல ஒரு நாளும் ஆகாது." மத்த மரங்களையும் சேர்த்தே தள்ளி வெச்சார். வண்டி வாடகை ரெண்டு தடவை கொடுக்க முடியாதாம்.

ஃப்ரெண்டோட கேமரா, 300 எம்.எம். லென்ஸ் சகிதம் மறுநாளே மரத்தடியில பந்தாவா உட்கார்ந்தேன். ஆண் பறவை வந்துச்சு. என்னைப் பார்த்துட்டு அடுத்த மரத்துக்குப் போச்சு. கத்துச்சு. சுத்துச்சு. 40 நிமிஷம்... பொந்துப் பக்கமே வரலை. திண்ணையில இருந்து ஆத்தா போட்டாங்க ஒரு போடு: "பிள்ளை பெத்தவ வாசப்படியில போயி நீ உக்காந்துட்டா, அவ எப்படிறா வூட்டுக்குள்ள போவா?"

மானம் போச்சு. அன்னிக்கே மோட்டார் ரூமுக்கு ஷிஃப்ட். 60 அடி தூரம், ஜன்னல் கம்பி வழியா படம். பறவை சின்னதாத்தான் விழும், போகட்டும். ஃபிளாஷ் கிடையாது. போன்ல அதோட குரலைப் போட்டு ஏமாத்தி வரவைக்கிற வேலையும் கிடையாது. ஃபிரேம் ஃப்ரீஸ் ஆகணும்னா ஷட்டர் ஸ்பீடு 1/1000-க்கு மேல வேணும். இல்லேன்னா தலை இருக்கிற இடத்துல சிவப்பா ஒரு புகைதான் மிஞ்சும்.

அங்கே உட்கார்ந்து பார்த்தா, இது பறவையா மெஷினானு சந்தேகம் வந்துடும். விறைப்பான வால் இறகை மரத்துல ஊன்றி, ரெண்டு காலோட சேர்த்து ட்ரைபாட் மாதிரி நிக்குது. அப்புறம் அந்த மண்டை! செகண்ட் இயர் செமினார்ல 'மரங்கொத்தியின் மண்டை ஓடு ஒரு ஷாக் அப்சார்பர், அதைப் பார்த்து ஹெல்மெட் செய்யலாம்'னு 22 ஸ்லைடு ஓட்டி கைதட்டல் வாங்கினவன் நான். இப்போதான் தேடிப் படிச்சேன். பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் டீம் ஹை-ஸ்பீடு வீடியோ எடுத்து 2022-லேயே அதைக் காலி பண்ணிட்டாங்க. அலகும் மண்டையும் ஒரே கட்டையாத்தான் போய் மோதுது. நடுவுல ஸ்பிரிங் எதுவும் இல்லை. மூளை ரொம்பச் சின்னது, அதனால அடி தாங்குது. யோசிச்சா சரிதானே... சுத்தியல்ல ஸ்பிரிங் வெச்சா ஆணி இறங்குமா? மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இது தோணியிருக்க வேண்டாமா!

அடைகாக்கிற நாள்ல அதுங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு, ஒருநாள் பொள்ளாச்சி போய் டாப் சிலிப் பஸ் ஏறிட்டேன். சேத்துமடை செக்போஸ்ட் தாண்டினதும் காத்தே மாறிடும். காட்டுக்குள்ள தனியா நடக்கக் கூடாது; கைடு அண்ணன் கூட வந்தார். அவர்தான் ஒரு மரத்துல ஃபுட்பால் சைஸ் எறும்புக்கூட்டைக் காட்டினார். வயித்தைத் தூக்கிட்டு ஓடுற எறும்புங்க. அந்தக் கூட்டையே குடைஞ்சு, உள்ளே முட்டையிடுமாம் பழுப்பு மரங்கொத்தி. எறும்பையும் தின்னுட்டு, எறும்பு வீட்டிலேயே பிரசவம்! பறவை தரிசனம் தரலை. ஆனா திரும்புற நேரத்துல உச்சிக்கிளையிலிருந்து 'கியாவ்'னு ஒரு குரல். காக்காவைவிடப் பெரிசு, முழுக் கறுப்பு, வெள்ளை வயிறு, ரத்தச் சிவப்புல தலை. வெள்ளை வயிற்று மரங்கொத்தி. கை நடுங்கி, எடுத்த 9 படத்துல 8 அவுட். மிச்சம் ஒண்ணுல வால் மட்டும். "பெரிய பட்ட மரம் நிக்கிற காட்டுலதான் தம்பி இது இருக்கும்" என்றார் அண்ணன். எனக்கு வீட்டு மொட்டை ஞாபகம் வந்துடுச்சு.

திரும்பி வந்தா இங்கே சண்டை. ரெண்டு மைனா பொந்தைப் பிடிக்க வந்து நிக்குதுங்க. சொந்தமாத் தோண்டத் தெரியாத கூட்டம் இப்படித்தான்... மைனா, கிளி, புள்ளி ஆந்தை எல்லாம் மரங்கொத்தி விட்டுட்டுப் போற பொந்தை நம்பித்தான் குடும்பமே நடத்துதுங்க. விட்டுட்டுப் போறவரைக்கும் காத்திருக்க சில மைனாக்களுக்குப் பொறுமை இல்லை, அவ்ளோதான். ஆண் மரங்கொத்தி வாசல்லேயே அலகை நீட்டிட்டு நின்னுச்சு. ரெண்டு நாள் அது சரியா இரை தேடவே போகலை. மைனாவை விரட்டக் கல்லை எடுத்துட்டேன். அப்புறம் கீழே போட்டுட்டேன்.

24-ம் நாள் பொந்துல ஒரு குட்டித் தலை. அப்புறம் இன்னொண்ணு. வைக்கிறது பெரும்பாலும் 3 முட்டை. எனக்குத் தெரிஞ்சது ரெண்டு குஞ்சுங்கதான். 29-ம் நாள் காலையில முதல் குஞ்சு பறந்து, பக்கத்துத் தென்னையில மோதாத குறையா போய் ஒட்டிக்கிச்சு. ரெண்டாவது எப்போ போச்சுனு பார்க்கலை. பல் விளக்கிட்டு இருந்தேன்!

சொன்ன தேதிக்கு ரம்பத்தோட ஆளுங்க வந்தாங்க. மதியத்துக்குள்ள 14 மரமும் சாய்ஞ்சுது. ஒவ்வொண்ணு விழும்போதும் அப்பா வேற பக்கம் பார்த்துட்டு நின்னார். கடைசியா மொட்டைக்குக் கயிறு கட்டப் போன ஆள் மேலே பார்த்தார். "ஏனுங்க, ஏதோ வைக்கோல் தூக்கிட்டுப் போகுதுங்க."

அதே மைனா ஜோடி!

நான் வாயே திறக்கலை. கேட்ட ஒரு மாசம் முடிஞ்சு போச்சு. அப்பா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "அது கெடக்கட்டும். அடுத்த லோடுல பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு, என் பக்கம் திரும்பாமலே மோட்டார் போடப் போயிட்டார்.

ஹாஸ்டலுக்கு வந்து ஒரு வாரம் ஆச்சு. நேத்து ராத்திரி போன்ல அப்பா: "உன்ற மைனா இருக்குதே, அஞ்சு மணிக்கே கத்தி உசுரை வாங்குதுடா."