கரண்ட் போன நேரத்துக் கச்சேரி

(மூன்றாமாண்டு, இ.சி.இ.)

"அவன் வீட்டிலேயே ரிக்கார்டிங் தியேட்டர் வச்சிருக்கானாம்" என்று என்னைப் பற்றி ஹாஸ்டலில் ஒரு வதந்தி உலவுவதாகக் கேள்வி. தியேட்டரும் இல்லை, திரைச்சீலையும் இல்லை. அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஒற்றை அறை, அதில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர், அதைவிட வயதான என் அப்பத்தா. அவ்வளவுதான்.

அப்பத்தாவுக்கு ஊர் திருச்சுழிப் பக்கம். ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது குண்டாற்று மணலும், கருவேலங்காடும், மானம் பார்த்த பூமியும்தான். பருத்திக்கும் மிளகாய்க்கும் களையெடுத்த காலத்தில் அப்பத்தா முதலில் பாடும், மற்றவர்கள் பின்னால் எடுப்பார்கள். பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் அதன் தாலாட்டில் தூங்கியவர்கள். 2022-ல் கண் ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது அந்தத் தாலாட்டைப் பாடச் சொன்னேன். பாதியில் நின்றுவிட்டது. "அதுக்கு மேல என்னடா வரும்?" என்று என்னையே கேட்டது. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பதிந்து வைத்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

"போன்லயே பதியலாமே?" என்பீர்கள். பதிந்தேன். போன் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்குகிறது. அப்பத்தா மூச்சு வாங்கும் இடைவெளியில் எல்லாம் தறியைத் தூக்கிக் காட்டியது. அக்காவுக்கு அரசு கொடுத்த லேப்டாப் கல்யாணச் சீரோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு கோர் டூ டுயோ. 2 ஜி.பி. ரேம், 160 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. (மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவிவிட்ட விண்டோஸ். நெட் வயரைப் பிடுங்கிவிட்டால் நமக்கென்ன?) இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியைப் போட்டேன். மைக்கும் சின்ன யு.எஸ்.பி. சவுண்ட் பாக்ஸும் நண்பனிடம் கடன்.

மதுரையில் ஒரு கடைக்காரரிடம் யோசனை கேட்டேன். புது போர்டு, புது பிராசசர், 8 ஜி.பி. ரேம், கிராபிக்ஸ் கார்டு என்று எழுதிப் பதினெட்டாயிரத்தில் நிறுத்தினார். லீவு நாட்களில் மல்லிகைப்பூ பறிக்கப் போய் நான் சேர்த்திருந்தது மூவாயிரம்! பஸ்ஸில் திரும்பும்போது நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரே ஒரு குரல். விநாடிக்கு 44,100 சாம்பிள், சாம்பிளுக்கு 2 பைட். விநாடிக்கு 88,200 பைட், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 எம்.பி. இதை எழுத என் பழைய டிஸ்க்கே தாராளம். பாட்டுப் பதிய கிராபிக்ஸ் கார்டு எதற்கு? அப்பத்தா முகத்தைப் பார்க்கவா?

முதல் நாள் வேறு கூத்து. சினிமாவில் பார்த்த மாதிரி அப்பத்தா காதில் ஹெட்போன் மாட்டிவிட்டேன். ஒரு அடி பாடிவிட்டு நிறுத்தி, "யாருடா அது, எனக்குப் பின்னாலயே பாடுறது?" என்றது. பஃபர்! உள்ளே போய் வெளியே வருவதற்குள் கிட்டத்தட்ட 90 மில்லி செகண்ட். காற்றில் ஒலி நூறடி நடக்கும் நேரம். நூறடி தள்ளி நின்று யாரோ கேலி செய்வது போலத்தான் அதற்குக் கேட்டிருக்கும். பஃபரைக் குறைத்தால் பழைய மெஷின் திணறிப் பட்பட்டென்று வெடித்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். செலவு பூஜ்யம். தன் குரல் தனக்குக் கேட்கிறதே, அதற்கெதற்கு ஹெட்போன்?

தீராத ஒன்று தறிதான். ஏ.ஆர்.ரகுமான் 1989-ல் சென்னையில் தன் வீட்டை ஒட்டி ஸ்டுடியோ அமைத்தார், 1992-ல் 'ரோஜா' வந்தது. அவருக்குப் பக்கத்துச் சுவரில் விசைத்தறி ஷெட் இருந்திருக்காது! ஜன்னலுக்குப் போர்வை, கதவுக்குச் சாக்கு, எதற்கும் அசையவில்லை. "பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கப்பா" என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் அதே ஷெட்டில்தான் கூலிக்கு ஓட்டுகிறார். "நிறுத்தலாம், நீ உலை வைக்காம இருப்பியா?" என்றார். பேச்சு முடிந்தது.

அப்புறம்தான் பேப்பரில் 'நாளைய மின்தடை' கண்ணில் பட்டது. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இருக்காது. தறி ஓடாது. ஊரே ஊமை. ஆனால் கம்ப்யூட்டரும் ஊமையாச்சே!

பரணில் ஒரு செத்த யு.பி.எஸ். கிடந்தது. அதற்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி வாங்கினேன். சோதித்தால் 12 நிமிஷம். மானிட்டரை அணைத்துவிட்டால் 17. இதில் பழைய டிஸ்க் விண்டோஸை எழுப்பவே நாலு நிமிஷம் தின்றது. மீதிப் பணத்தில் 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டேன். முக்கால் நிமிஷத்தில் எழுந்தது. டிஸ்க்கின் கரகரப்பும் போச்சு. ரேமைத் தொடவே இல்லை. யு.பி.எஸ். பேட்டரியில் ஓடும்போதெல்லாம் 'கீக் கீக்' என்று கத்துமே, அந்தப் பஸ்ஸரையும் சால்டரிங் அயர்னால் கழற்றி எறிந்தேன். நம் லேப் பயிற்சி வீண்போகவில்லை என்று பெருமை வேறு!

2023 ஜனவரி. ஒன்பது மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. எங்கேயோ காக்கை கத்துவது கேட்டது. எங்கள் தெருவில் காக்கை இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். ஒரு நாள் கூலி போன அப்பா வாசல்படியில் உட்கார்ந்து, விளையாட வந்த பொடியன்களை "உஸ்... அங்கிட்டுப் போங்கடா" என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

அப்பத்தா களையெடுப்புப் பாட்டு இரண்டு பாடியது. ஒப்பாரி ஒன்று. "வீட்டுக்குள்ள பாடக்கூடாதுடா" என்று சொல்லிக்கொண்டே பாடியது. பிறகு, நான் கேட்காமலே, அந்தத் தாலாட்டு. நின்றுபோகும் இடம் நெருங்கியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை! தாண்டியது.

அந்த நேரம் பார்த்து ஃபேன் சுற்றுவது நின்றது. கம்ப்யூட்டர் விளக்கு அணைந்தது. பேட்டரி தீரப் போகிறது என்று கத்தியிருக்க வேண்டிய பஸ்ஸரைத்தான் நானே பிடுங்கிப் போட்டிருந்தேனே!

அப்பத்தாவுக்கு எதுவும் தெரியாது. பாடிக்கொண்டே இருந்தது. நான் சொல்லவில்லை. பாட்டு முழுவதும் பாடி முடித்து, "போதுமா ராசா?" என்று கேட்டது. "போதும் அப்பத்தா" என்றேன்.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் ஆடாசிட்டி தானாகவே மீட்டுக் கொடுத்தது, அணைந்த நொடி வரைக்கும். அடுத்த மாத மின்தடைக்கு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். பழைய இடத்திலேயே பாட்டு நின்றுவிட்டது. இப்போதெல்லாம் அப்பத்தா என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது.

கடைசி இரண்டு அடியை அன்றைக்கு வாசல்படியில் இருந்து அப்பாவும் கேட்டார். அவர் அதில் 'மாமன்' வந்தது என்கிறார். 'பாட்டன்' என்றுதான் எனக்கு ஞாபகம்.