குப்பைக்குப் போகும் கோடுகள்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகும் கரையோர வீதியில், நிலாவெளியும் குச்சவெளியும் கழிந்த பிறகு வருகிறது திரியாய். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கடல். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, பிறகு மீளக் குடியேறிய ஊர். இங்கே ஸ்ரிக்கர் கேட்டு வருபவர்களையும் வயலும் கடலுமே பிரித்துக்கொள்கின்றன. லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்துக்குப் பிள்ளையின் பெயர் ஒட்ட வருகிறவர் ஒருவர் என்றால், ஃபைபர் படகுக்குப் பெயரும் இலக்கமும் வேண்டும் என்று வருகிறவர் இன்னொருவர். இடையிடையே ஓட்டோக்காரர்கள்.

நான் போனது, வீட்டு விறாந்தையை அடைத்து எடுத்த ஒரு சிறிய வேலையறைக்கு. இரண்டடி அகல வைனில் ரோலை வெட்டும் சீனத்துப் பிளொட்டர், ஒரு கணினி, ஒரு நீள மேசை. கணினியில் தம்பி இருக்கிறார், மேசையில் அவருடைய அக்கா. கடைக்கு வருகிறவர்கள் தம்பியிடம்தான் பேசுகிறார்கள். ஆனால் ஸ்ரிக்கர் உருப்படுவதும் கெடுவதும் மேசையில்தான்.

வைனில் ரோலில் மூன்று படைகள் உண்டு. மேலே மில்லிமீற்றரில் பத்திலொன்றுக்கும் குறைந்த தடிப்பில் நிறப் பிளாஸ்ரிக் தாள், அதன் அடியில் பசை, அதற்கும் கீழே சிலிக்கன் பூசிய தாள். பிளேட் மேலிரண்டையும் அறுத்துவிட்டு, அடித்தாளில் இறங்காமல் நிற்க வேண்டும். வெட்டி முடிந்த ஸ்ரிக்கரைப் பார்த்தால் வெறும் நீலத் துண்டாகத்தான் தெரியும். வேண்டாததை உரித்து எடுத்த பிறகே பெயர் துலங்கும். பிளொட்டர் சில நிமிடங்களில் வெட்டி முடிப்பதை, உரித்து முடிக்க அதைப்போலப் பல மடங்கு நேரம் பிடிக்கிறது.

அன்றைக்கு மேசையில் இருந்தது ‘கடல் தாய்’ என்ற படகுப் பெயர். அக்கா முதலில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார். குண்டூசி முனையால் ஒரு மூலையைக் கிளப்பி, தாளோடு ஒட்டினாற்போலப் பின்பக்கமாக மடித்து இழுத்தார். மேல்நோக்கித் தூக்கி இழுத்தால் எழுத்தும் சேர்ந்து கிளம்பிவிடும். ‘ல்’லின் புள்ளி வந்ததும் கை நின்றது. புள்ளியைச் சுற்றித் தனியாக ஒரு சிறு கட்டம் வெட்டப்பட்டிருந்தது. அந்தக் கட்டத்தை மட்டும் ஊசியால் எடுத்தார். வட்டமான புள்ளி அசையாமல் தாளில் இருந்தது.

“ஒரே துண்டா இழுத்துப் பாருங்கோ, உரிச்சது திரும்பி எழுத்திலயே விழும். விழுந்தா கழட்டேலாது, முழுசாத் திரும்ப வெட்டோணும். புள்ளி இருக்கே, அது பசை காணாமல் இழுக்கிற பக்கம் போயிடும்” என்றார்.

இதற்குத்தான் கோடுகள். வாடிக்கையாளர் கேட்காத, ஒட்டிய பிறகு எங்கும் இல்லாத வெட்டுக் கோடுகள். முழுப் பெயரையும் சுற்றி ஒரு கட்டம், வரிக்கும் வரிக்கும் நடுவே ஒரு கிடைக்கோடு, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஒரு நெடுக்குக் கோடு. கழிவு பெரிய விரிப்பாக வராமல் கைக்கு அடங்கும் துண்டுகளாக வரும். ஒரு துண்டு பிழைத்தாலும் பக்கத்து எழுத்து தப்பிவிடும்.

இதை மென்பொருளே செய்யாதா என்று கேட்டேன். வெட்டும் மென்பொருள்கள் பலவற்றில் அந்த வசதி உண்டு என்று தம்பி போட்டுக் காட்டினார். சமதூரத்தில் கோடுகள் வந்தன. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது போதும், எல்லாம் ஒரே உயரம். தமிழில் ‘கி’யின் வளைவு மேலே போகிறது, ‘ழ’வின் கால் கீழே இறங்குகிறது. சிங்கள எழுத்தில் வளைவுகளும் உள்வெளிகளும் இன்னும் கூட. மூன்று மொழியிலும் எழுதும் பலகை வந்தால் மூன்றுக்கும் மூன்று விதமாகக் கோடு போட வேண்டும்.

அக்கா முன்பு தையல் செய்தவர். தம்பி பெயரைச் சாதாரணத் தாளில் அச்சிட்டுக் கொடுக்க, அவர் பென்சிலால் கோடு கீறித் திருப்பித் தருகிறார். அதையே தம்பி கோரல்ட்ரா மென்பொருளில் வேறு நிறத்தில் கீறுகிறார். கோடு எழுத்தைத் தொடக்கூடாது, இரண்டு மூன்று மில்லிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும். சுற்றுக் கட்டத்தைத் தொடாமல் பாதியில் நின்றாலும் பயனில்லை, அந்த இடத்தில் வைனில் இழுபட்டுக் கிழியும். பெரிய எழுத்தின் உள்வெளிக்கு நடுவே ஒரு சாய்கோடு போட்டால் ஊசி நுழைய வாசல் கிடைக்கும். அளவுக்கு மீறிக் கோடு போட்டாலும் தொல்லைதான். பொடித் துண்டுகள் விரலில் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். அக்காவின் இடது புறங்கையில் நீலத் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. உரித்ததை அங்கே ஒட்டி, சேர்ந்ததும் பழைய கலண்டர் தாளுக்கு மாற்றுகிறார்.

வெயிலும் இதில் ஒரு கணக்கு. சூட்டில் பசை இளகி, வெட்டிய பிளவில் மெல்லத் திரும்பச் சேர்ந்துகொள்ளும். அதனால் வெட்டியதை அன்றே உரித்துவிடுகிறார்கள். 2022 இல் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்கு ஏறியபோது, இறக்குமதியாகும் ரோலின் விலையும் கூடவே ஏறியது. கெட்டுப்போன ஒரு பெயர் என்பது அதன் பிறகு சின்ன நட்டம் இல்லை.

தானாக ஒட்டும் லேபலை அமெரிக்காவில் ஸ்ரான்ரன் ஏவரி 1935 இல் கொண்டுவந்தார். கணினி வழி வைனில் வெட்டும் இயந்திரத்தை கேர்பர் நிறுவனம் 1983 இல் சந்தைக்கு விட்டது. பெயர்ப்பலகை எழுதும் கையை அந்த இயந்திரம் விலக்கியது உண்மை. உரிக்கும் கையை அதனால் விலக்க முடியவில்லை.

படகின் பதிவிலக்கத்துக்கு வந்தால் வேலை தலைகீழாகிறது. ஓஎஃப்ஆர்பி என்று தொடங்கி, திருகோணமலைக்குரிய ரிசிஓ என்று முடியும் அந்த இலக்கத்தை உப்புத் தண்ணீருக்கு நிற்க வேண்டும் என்று பலர் பெயின்றில் கேட்கிறார்கள். அப்போது எழுத்தை உரித்து எடுத்துவிட்டு, சுற்றியுள்ளதை அச்சாகப் படகில் ஒட்டிப் பெயின்ற் அடிக்கிறார்கள். இங்கே கழிவது எழுத்துதான். திரியாய்க் குன்றில் கிரிகண்டு சேயா என்ற பழைய பௌத்த விகாரைக்கு அருகே, கி.பி. 7–8 ஆம் நூற்றாண்டளவில் பல்லவ கிரந்தத்தில் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டிலும் கொத்தி நீக்கிய இடமே எழுத்து. படகு இலக்கத்துக்கு உள்ளே இருப்பது கழிவதால் கோடு எழுத்தைச் சுற்றி வராமல் அதன் உடலுக்குள்ளேயே ஓடுகிறது. இந்த மாற்றம் கணினித் திரையில் தெரியாது, உரித்தவருக்குத்தான் தெரியும்.

கூலி சதுர அடிக்கு. பெரிய எழுத்து நான்கும் பொடி எழுத்து நாற்பதும் ஒரே அடிக்குள் வந்தால் ஒரே காசு. பற்றுச்சீட்டில் கோட்டுக்கும் உரிப்புக்கும் தனி வரி இல்லை. இந்தக் கணக்கு மாற வேண்டும். பொடி எழுத்துக்கு உரிப்புக் கூலி சேர்த்துக் கேட்பது நியாயம் என்பதை வாடிக்கையாளர்களும் ஒப்புக்கொள்வார்கள், ஒருமுறை மேசைப் பக்கம் வந்து பார்த்தால்.

கணினி வகுப்புகளில் டிசைன் படித்துவிட்டு ஸ்ரிக்கர் கடை போட நினைக்கும் பிள்ளைகளுக்கு அக்கா சொல்வது ஒன்றுதான்: “முதல்ல ஒரு மாசம் உரிக்கட்டும், பிறகு கீறட்டும்.” தம்பி சிரித்தார். அவரும் அப்படித்தான் தொடங்கினாராம்.