சமதரை தேடும் கால்கள்

விளையாட்டு ஓய்விற் பிறப்பது என்பர். ஓய்வு மட்டும் இருந்தாற் போதாது. ஓடுவதற்குச் சமமான தரையும் வேண்டும். மணல்வெளியும் வயற்பரப்பும் வாய்க்கப்பெற்ற ஊரவர் இவ்விரண்டாவது தேவையைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பெருந்தோட்டங்களிற் பிறந்து வளரும் இளைஞனுக்கோ சமதரை என்பது காணக்கிடைக்கும் பொருள்களுள் மிக அரியது. ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வரையும், தலவாக்கலையிலிருந்து நுவரெலியா வரையும் கண்ணுக்கெட்டிய இடமெல்லாம் தேயிலை. தேயிலை நிற்கும் இடமெல்லாம் சரிவு. கைதவறிய பந்து கால் மைல் கீழேயுள்ள ஓடையில் விழுந்தாலன்றி நிற்பதில்லை. அதனைத் தேடி எடுத்துவரும் சிறுவனே அந்த அணியின் முதல் உறுப்பினன். பந்து பொறுக்கப் போய்ப் பந்தாடக் கற்றுக்கொண்டவர்களே தோட்டத்து விளையாட்டு வீரர்களுட் பெரும்பாலோர்.

குளிர்நாடுகளில் இயற்கையே இந்தக் குறையைத் தீர்த்து வைக்கிறது. கனடா போன்ற தேசங்களில் மாரிக்காலம் வந்ததும் ஏரிகளும் குளங்களும் உறைந்து கண்ணாடித் தளங்களாகி விடுகின்றன. அத்தளங்களின்மீது சறுக்கி ஓடி ஆடிய ஆட்டமே பனிக்கட்டி ஹொக்கியாக வளர்ந்தது. 1875இல் மொன்றியல் நகரில் அது முதன்முறையாகக் கூரையிட்ட மண்டபமொன்றினுள் ஆடப்பெற்றது. 1877இல் அந்நகரத்து மக்கில் பல்கலைக்கழக மாணவர் தமக்கென ஓர் அணியை அமைத்துக்கொண்டனர். அத்தகைய கல்லூரி அணியின் பருவம் குளிரோடு பிணைந்தது. குளிர் தொடங்கும்போது அணி கூடும். குளிர் முடியும்போது பருவம் முடியும். மாணவர் பட்டம் பெற்று வெளியேற, புதியவர் அவ்விடத்தை நிரப்புவர்.

மலைநாட்டிலும் குளிர் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்த நுவரெலியாவில் தை, மாசி மாதங்களின் சில விடியல்களிற் புல்நுனிகள் வெண்மை போர்த்துக் கிடக்கும். ஆயின், அந்தப் பனி கிரகரி வாவியை உறையச் செய்து எவருக்கும் ஆடுகளம் அமைத்துக் கொடுப்பதில்லை. கொழுந்தைக் கருக்கிவிட்டு, வெயில் ஏறியதும் மறைந்து விடுகிறது. கொழுந்து கருகினால் வேலை குறையும். வேலை குறைந்தால் உலையேறும் அரிசியும் குறையும். ஒரு நாட்டில் ஆட்டத்தை வளர்த்த குளிர், இன்னொரு நாட்டில் அடுப்பை அணைக்கின்றது.

மலைநாட்டிற் சமதரை அறவே இல்லையென்று கூறிவிட முடியாது. இருந்தது, ஆனால் அது உரியவர்களுக்கு உரியதாயிருந்தது. காடழித்துக் கோப்பியும், பின்னர்த் தேயிலையும் பயிரிட்ட ஆங்கிலத் துரைமார் தம் தாயகத்து விளையாட்டுகளையும் உடன் கொணர்ந்தனர். நுவரெலியாவிற் குதிரைப் பந்தயத் திடல் 1875இல் அமைந்தது. கொல்ப் கழகம் 1889இல் தோன்றியது. ராதல்லவிலும் தரவளையிலும் துரைமார் கழகங்கள் கிரிக்கெட்டுக்கும் றக்பிக்கும் பசும்புல் மைதானங்களை வைத்திருந்தன. திம்புள்ள, டிக்கோயாக் கழகங்களுக்கிடையிலான போட்டி துரைமார் வட்டாரத்திற் பெரும் புகழ்பெற்றிருந்தது. மலையை வெட்டிச் சமன்செய்த மண்வெட்டி யாருடைய கையில் இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. மைதானத்தை ஆக்கியவன் அதன் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று ஆட்டத்தைப் பார்த்தான். பார்த்ததைத் தன் பிள்ளைகளுக்குச் சொன்னான். ஏடறியா மக்களிடையே ஆட்ட விதிகள் பரவியது இவ்வாறே.

அந்தப் பிள்ளைகள் எங்கே ஆடினர்? தோட்டத்தில் அவர்களுக்கு எட்டிய சமதரை ஒன்றுதான், அதுவே பிரட்டுக்களம். விடியற்காலையில் ஆணும் பெண்ணும் அணிவகுத்து நின்று அன்றைய வேலையைக் கேட்டுப் பிரியும் இடம் அது. கங்காணியின் அதட்டலும் கணக்கப்பிள்ளையின் ஏடும் ஆட்சி செய்யும் இடம் அது. அங்கே மனிதர் எண்ணிக்கையாயினர். தோட்டத்து வழக்கிற் ‘பேர்’ என்றாலே அது ஒருவருடைய பெயரைக் குறிப்பதில்லை. செக்றோலிற் பதியப்படும் ஒருநாள் வேலையையே குறிக்கும். குறித்த இறாத்தல் கொழுந்து நிறையாவிட்டால் அரைப்பேர், நிறைந்தால் முழுப்பேர். ஆனால், மாலையில் அதே களத்தில் நான்கு கல்லை நட்டுப் பந்தை உதைக்கத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். அங்கே ஒவ்வொருவனும் தன் பெயராலே அழைக்கப்பட்டான். நன்றாக உதைத்தவனுடைய பெயர் அடுத்த தோட்டம் வரை சென்றது. “பந்தடிச்சா பேரு விழுமா?” என்று முதியவர்கள் கேட்டதுண்டு. விழுந்தது, ஆனால் அது செக்றோலில் விழாத பேர். காலையில் எண்ணாக நின்ற இடத்தில் மாலையில் மனிதனாக நிற்பதற்கு அந்த ஆட்டம் இடமளித்தது. இதனை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

இவ்விடத்தில் மற்றோர் உண்மையையும் மறைத்தலாகாது. தோட்டத்து அணி ஆண்களின் அணி. கவ்வாத்து வெட்டுதல், புல்வெட்டுதல், கான்வெட்டுதல் முதலிய ஆண்களின் வேலைகள் அளந்து கொடுக்கப்படுபவை. கொடுத்த அளவை முடித்தவன் பிற்பகலிலேயே லயத்துக்குத் திரும்பிவிடலாம். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. மாலை வரை மலையில் நின்று, கொழுந்து மடுவத்தில் நிறைகொடுத்து, பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வீடு திரும்பும்போது, பிரட்டுக்களத்தில் ஆட்டம் பாதி நடந்திருக்கும். அங்கு ஆடுபவனுக்கு இரவில் வேண்டிய ரொட்டியை அவளே சுட வேண்டும். அணியின் பதினொருவரைத் தாங்கி நின்றது ஏட்டிலேறாத இந்தப் பன்னிரண்டாவது ஆளின் உழைப்பு. அவளுடைய கால்களுக்கும் ஓடும் ஆசை இருந்திருக்கும் என்பதை அந்நாளில் எவரும் கேட்டதில்லை.

ஒரு தோட்டத்து அணியின் ஆண்டு பஞ்சாங்கத்தோடும் கொழுந்தோடும் பிணைந்தது. தைப்பொங்கலோடு அது தொடங்குகிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் தையும் மாசியும் மழை குறைந்த மாதங்கள். திம்புள்ளப் பகுதித் தேயிலை தன் சிறந்த மணத்தைப் பெறுவது அக்காலத்திலேதான். தரை காய்ந்திருக்கும், பந்து துள்ளும். மாசியிற் காமன்கூத்து இரவுகள் வந்தால் அணியினருட் பலர் ஆட்டக்காரராகவும் பறை முழக்குவோராகவும் மாறிவிடுவர். பின்னர் மாரியம்மன் திருவிழா வரும். தேர் இழுத்துக் களைத்த தோள்களோடு அடுத்த நாட் போட்டிக்கு நிற்போரும் உளர்.

சித்திரைப் புத்தாண்டே அணியின் உச்சகாலம். கொழும்பிற் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வீடுகளிலும் வேலைபார்க்கும் இளைஞர் அப்போதுதான் ஊர் திரும்புகின்றனர். நகரத்துச் சப்பாத்துகளும் புதிய உத்திகளும் அவர்களோடு வந்து சேரும். தோட்டத்துக்குத் தோட்டம் மென்பந்துப் போட்டிகளும் உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் நிகழும். இதே நாட்களில் நுவரெலியா நகரிலும் ‘வசந்த காலம்’ கொண்டாடப்படுகிறது. அங்கே குதிரைகள் ஓடும். 1934 முதல் மகாகஸ்தோட்டையின் மலைப்பாதையில் மோட்டார் வாகனங்கள் ஏறிப் போட்டியிட்டு வந்துள்ளன. ஒரே மலையில், ஒரே மாதத்தில், இரண்டு பருவங்கள். ஒன்றுக்குச் செல்வந்தர் கொழும்பிலிருந்து ஏறி வருகின்றனர். மற்றதற்கு அவர்களிடம் வேலைசெய்யும் இளைஞர் ஏறி வருகின்றனர்.

விடுமுறை முடிந்ததும் அணி கலைகிறது. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். ஹற்றன், மஸ்கெலியாப் பக்கங்களில் அது நாட்கணக்கில் விடாது பெய்வது. களம் சேறாகும், மூடுபனியில் எதிர்க்கம்பம் தெரியாது. மழைக்குப் பின் கொழுந்து பொலியும் நாட்களில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும். கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகும் குடும்பத்தில் மகன் பந்தாடப் போவதாகச் சொல்வது எளிதன்று. சித்திரையிற் கோப்பை வென்ற அணியில் ஆனியில் எஞ்சியிருப்போர் நால்வரோ ஐவரோதான். அவர்களோடு பள்ளிச் சிறுவர் சிலர் சேர்ந்து, சேற்றிற் சறுக்கி ஆடி அணியின் பெயரைக் காப்பாற்றுவர். தீபாவளிக்குப் பழையவர்கள் மீண்டும் வருவர். ஆகவே ஓராண்டில் ஒரு தோட்டத்துக்கு இரண்டு அணிகள்: பண்டிகைக்கு ஓர் அணி, மழைக்கு ஓர் அணி. பரிசு பெறுவது முன்னது. அதற்கு உயிர்கொடுத்து வைத்திருப்பது பின்னது.

கல்லூரி அணியும் ஆண்டுதோறும் ஆளை இழக்கிறது. ஆனால் அது பட்டத்துக்கு இழக்கிறது. தோட்டத்து அணியோ பசிக்கு இழக்கிறது. அதனினும் கொடிய இழப்பொன்றும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரின் தலைவிதியைக் கூட்டிக் கழித்து எழுதியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. பந்தைப் பங்கிட்டு ஆடுவதுபோல் மாந்தரைப் பங்கிட்ட ஒப்பந்தம் அது. அடுத்துவந்த ஆண்டுகளில் லயங்கள் வெறுமையாகின. ஹற்றன் நிலையத்திலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட புகைவண்டிக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயரிட்டனர். ஒரே களத்தில் ஆடிய தோழருள் ஒருவன் இந்தியக் கடவுச்சீட்டுடன் நிற்க, மற்றவன் வழியனுப்ப நின்றான். சென்றவர்களுட் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில், தமிழக அரசு 1968இல் தாயகம் திரும்பியோருக்கெனத் தொடங்கிய தேயிலைத் திட்டத்திற் சேர்ந்தனர். அங்கும் மலை, அங்கும் சரிவு. அங்கும் சமதரையைத் தேடியே அவர்தம் பிள்ளைகள் ஓடியிருப்பர்.

இவ்விடத்தில் எவருடைய நினைவுக்கும் வரக்கூடிய பெயர் முத்தையா முரளிதரன். அவருடைய பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்து, பின்னாளிற் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பியவர். தந்தையார் இலங்கையிலேயே தங்கிக் கண்டிக்கு அண்மையிற் பிஸ்கட் உற்பத்தித் தொழிலை நடத்தினார். 1972இற் பிறந்த முரளிதரன் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்றார். வேகப்பந்து வீசிவந்த சிறுவனைப் பதினான்காம் வயதிற் சுழற்பந்துக்குத் திருப்பியவர் அக்கல்லூரியின் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 1992இல் தேசிய அணியிற் புகுந்து, 2010 ஜூலை 22ஆம் நாள் காலியில் தம் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி, உலகில் வேறெவரும் எட்டாத இடத்தை அவர் எட்டினார்.

இச்சாதனையில் மலையகம் பெருமைகொள்வது இயல்பே. எனினும் உணர்ச்சியை ஒதுக்கி நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அவருக்கு ஒரு கல்லூரி இருந்தது. கல்லூரிக்கு மைதானம் இருந்தது. மைதானத்திற் பயிற்றுநர் ஒருவர் நின்றார். லயத்திற் பிறந்த சிறுவனின் மணிக்கட்டும் அவ்வாறே சுழலக்கூடும். அதனைக் காண்பதற்கு அங்கே எவரும் நிற்பதில்லை என்பதே வேறுபாடு. ஒருவர் ஏறிவிட்ட ஏணியைக் காட்டி ஊருக்கெல்லாம் படிக்கட்டு உண்டென்று சொல்லுதல் தகாது.

காலம் மாறவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 1970களில் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல் தோட்டப் பள்ளிகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்ற நிலைக்கு முடிவு கட்ட முயன்றது. ஹற்றனில் டன்பார் மைதானம் உண்டு. நோர்வூட்டிற் சௌமியமூர்த்தி தொண்டமான் பெயரால் ஒரு மைதானம் உண்டு. 2017 மே 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்களிடையே உரையாற்றியது நோர்வூட்டிலேதான். அவ்வுரையில் முரளிதரனின் பெயரும் இடம்பெற்றது. ஆனால் தோட்டங்களோ பல, மைதானங்களோ சில. தேயிலை நிற்கக்கூடிய ஒவ்வோர் அடி மண்ணும் இலாபக் கணக்கில் எழுதப்படும்வரை, பிள்ளைகள் ஆடுவதற்கான மண் நட்டக் கணக்கிலேயே எழுதப்படும்.

மலையக இலக்கியம் தொழிலாளியின் வியர்வையையும் கண்ணீரையும் நிறையப் பதிந்துள்ளது. அது காலத்தின் தேவையாயிருந்தது. அவர்களுடைய ஆட்டத்தையும் அது அதே அக்கறையுடன் பதிய வேண்டும். துன்பத்தை மட்டும் எழுதினால் மக்கள் துன்பப்படுவோராக மட்டுமே தெரிவர். சேற்றில் விழுந்தெழுந்து சிரித்தவர்களும் அவர்களே. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவருக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. பேராதனையின் பரந்த மைதானத்திற் கால்பதிக்கும் ஒவ்வொருவரும், தம்மோடு பிரட்டுக்களத்தில் ஆடிய தோழர் எத்தனை பேர் அங்கு வந்து சேரவில்லை என்பதை அறிவர். அவர்களுடைய பெயர்களை, அணிகளை, வென்றதும் தோற்றதுமான போட்டிகளை, முதியோர் வாழும் காலத்திலேயே கேட்டு எழுதி வைத்தல் செய்யத்தக்க பணி. தோட்டத்துக்கு ஒரு மைதானம் வேண்டும், அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம இடம் வேண்டும் என்று உரத்துக் கேட்பது அதனோடு இணைந்த பணி. நூறாண்டுகளுக்கு மேலாக மலைகளைச் செதுக்கிப் பிறர்க்குச் சமதரை அமைத்துக் கொடுத்த மக்கள், தம் பிள்ளைகள் ஓடுவதற்கு ஓர் ஏக்கர் சமதரையைக் கேட்பது சலுகையன்று. அது நெடுநாளாகக் கொடாது விடப்பட்ட கூலியின் ஒரு பகுதியே.