சத்திரப்பட்டியில நிக்குமா?

திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தில் பழனி பஸ் கிளம்பும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஒரே கேள்வி பல குரல்களில் காதில் விழும். "ரெட்டியார்சத்திரம் நிக்குமாண்ணே?" "விருப்பாச்சி நிக்குமா?" "சத்திரப்பட்டி நிக்குமாப்பா?" வண்டியின் நெற்றியில் பழனி என்று பெரிதாக எழுதியிருக்கிறது. வழி ஒட்டன்சத்திரம் என்றும் சில வண்டிகளில் இருக்கும். நடுவில் உள்ள அறுபது கிலோமீட்டரில் எங்கெல்லாம் நிற்கும் என்பது மட்டும் எங்கும் எழுதியிருக்காது. அது கண்டக்டரின் வாயில் இருக்கிறது. அவர் இன்னும் டீக்கடையில் இருக்கிறார்.

ஒட்டன்சத்திரம் எல்லா வண்டியும் நிற்கும் என்பது பொதுவாகத் தெரிந்தது. அதைத் தாண்டினால் சந்தேகம்தான். ஒரு கண்டக்டர் காலையில் சத்திரப்பட்டியில் நிறுத்துவார், மாலையில் கூட்டம் இருந்தால் "அடுத்த வண்டியில வாங்க" என்பார். இன்னொருவர் எதுவும் சொல்லாமல் கண்ணாலேயே உள்ளே போகச் சொல்வார். தினமும் போகிறவர்களுக்கு இந்த முகங்கள் பழக்கம். எந்த நேரத்து வண்டி எங்கே நிற்கும், எந்த டிரைவர் கைகாட்டினால் பிரேக் போடுவார் என்பதெல்லாம் அவர்களிடம் மனப்பாடம். வருஷத்துக்கு ஒரு முறை மொட்டை போட வருகிறவருக்கு அந்தக் கவலை கிடையாது. அவருக்கு வேண்டியது கடைசி ஸ்டாப். ஒரே வண்டியில் இந்த இரண்டு வகை ஆட்களும் ஏறுவதுதான் பழனி பஸ்ஸின் சுவாரசியம், சண்டையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் பெரும்பாலும் மதுரை ஆரப்பாளையத்தில் ஏறுகிறவன். மதுரையிலிருந்தே பழனிக்கு நேர் வண்டி உண்டு. ஆனாலும் திண்டுக்கல்லில் இறங்கி வண்டி மாறுவது எனக்குப் பிடிக்கும். நேர் வண்டியில் ஜன்னல் சீட்டை மதுரைக்காரர்கள் துண்டு போட்டுப் பிடித்து முடித்திருப்பார்கள். திண்டுக்கல்லில் காலியாக நிற்கும் வண்டியில் இடதுபக்க ஜன்னல் கிடைக்கும். இடதுபக்கம் முக்கியம். திண்டுக்கல் தாண்டி மேற்கே போகப் போக, தெற்கே பழனிமலைத் தொடர் கூடவே வரும். கொடைக்கானல் அதன் மேலேதான் இருக்கிறது. கோடையில் மலையே தெரியாமல் புகை மூடியிருக்கும், ஐப்பசியில் மழை விட்ட காலையில் அருவிக் கோடுகள்கூடத் தெரியும். வலதுபக்கம் உட்கார்ந்தவர்கள் தோட்டங்களையும் வெயிலையும் பார்த்துக்கொண்டு போகலாம்.

இந்தச் சாலையில் ஊர்ப்பெயர்களைக் கவனித்தால் ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று வரிசையாகச் சத்திரங்கள். நடந்து வந்தவர்களுக்கான பாதை இது என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தை மாதம் வந்தால் அது கண்ணெதிரே நிரூபணமாகும். செட்டிநாட்டிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் பச்சை வேட்டி, காவி வேட்டியோடு சாலையின் ஓரம் முழுக்க பாதயாத்திரைக் கூட்டம். நகரத்தார் காவடி, அதன் பின்னே வாடகை வேனில் சமையல் பாத்திரங்கள், வழியெல்லாம் மோர்ப்பந்தல். இரவில் நடப்பவர்களின் முதுகுப்பையில் ஒட்டிய ஸ்டிக்கர் பஸ்ஸின் வெளிச்சத்தில் மின்னும். அந்த நாட்களில் டிரைவர்கள் ஹாரனைக் குறைத்து, வண்டியை நடுரோட்டுக்கு ஒதுக்கி ஓட்டுவார்கள். ஒன்றரை மணி நேரப் பயணம் இரண்டரை மணி ஆகும். அதைப் பற்றி பஸ்ஸுக்குள் யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

முணுமுணுப்பு திரும்பும் வழியில்தான். நடந்து போனவர்களில் பெரும்பாலானோர் பஸ்ஸில்தான் ஊர் திரும்ப வேண்டும். தைப்பூசத்து மறுநாள் இரவு பழனி வ.உ.சி. பேருந்து நிலையத்தில் மதுரை வண்டி உள்ளே நுழையும்போது, அது நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு, பை, சில சமயம் குழந்தைகூட உள்ளே போய்விடும். சிறப்புப் பேருந்து என்று காகிதத்தில் எழுதி ஒட்டிய வண்டிகள் வரும். வேறு வழித்தடங்களிலிருந்து எடுத்த வண்டிகள் அவை. டவுனுக்குள் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் நூற்று இருபது கிலோமீட்டர் உட்கார்ந்து வந்தவர்களின் இடுப்பு அதை நன்றாக அறியும். எந்த ஊருக்கு ஓட வேண்டிய வண்டி இன்று இங்கே நிற்கிறது, அந்த ஊர்க்காரர்கள் இந்நேரம் எந்த ஸ்டாப்பில் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். திருவிழாவின் செலவில் ஒரு பங்கை இப்படிச் சத்தமில்லாமல் கட்டுகிறவர்கள் உண்டு.

ஆனால் அந்த இரவு வண்டியின் உள்ளே நடப்பது வேறு. சீசனில் கண்டக்டருக்கு ஆண்கள் எல்லோரும் சாமிதான். "சாமி, தள்ளி உக்காருங்க சாமி." "படியில நிக்கற சாமி, மேல ஏறுங்க." திட்டுவதும்கூட சாமி போட்டுத்தான். சந்தனம் காயாத மொட்டைத் தலைகள் முன்சீட்டுக் கம்பியில் சாய்ந்து தூங்கும். கொப்புளம் வந்த கால்களை யாரும் கீழே தொங்கவிட மாட்டார்கள், பையின் மேலோ எதிர்சீட்டின் ஓரத்திலோ தூக்கி வைத்திருப்பார்கள். வளைவுகளில் சீட்டுக்கு அடியில் பஞ்சாமிர்த டப்பா ஒன்று உருண்டு போகும், யாருடையது என்று தெரியாமல் பத்துப் பேர் குனிந்து தேடுவார்கள். ஒருமுறை அப்படி உருண்டு வந்த டப்பாவை எடுத்து வைத்திருந்தேன். வத்தலக்குண்டுப் பக்கத்து அம்மா ஒருவர் தன்னுடையதுதான் என்று வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தன் பையிலேயே இன்னொன்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கே இருக்கட்டும் தம்பி, முருகன் குடுத்தது" என்று திருப்பித் தந்தார். அது யாருடைய டப்பா என்பது கடைசிவரை தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டோம்.

பங்குனி உத்திரத்துக்குக் கூட்டத்தின் திசை மாறும். ஈரோடு, கொடுமுடிப் பக்கத்திலிருந்து காவிரித் தீர்த்தம் எடுத்து வருகிறவர்கள் தாராபுரம் வழியாக வருவார்கள். அப்போது தாராபுரம், திருப்பூர், ஈரோடு போர்டு போட்ட வண்டிகளில் இடம் கிடைப்பது கடினம், திண்டுக்கல் வண்டியில் காற்று வாங்கிக்கொண்டு போகலாம். பேச்சிலும் இந்த இரண்டு பக்கமும் கலக்கும். ஒரே சீட்டில் மதுரைப் பேச்சும் கொங்குப் பேச்சும் "ஏங்க, எதுவரைக்கும்ங்க?" என்று குசலம் விசாரித்துக்கொள்வது பழனி நிலையத்தில் சாதாரணம்.

இந்த எல்லைக்கோடு பஸ் கம்பெனிகளின் காலத்திலும் இருந்தது. கிழக்கே மதுரையில் டி.வி.எஸ். 1912-இலேயே பஸ் ஓட்டத் தொடங்கியது. மேற்கே பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டரின் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட், ஏ.பி.டி. என்றால் எல்லோருக்கும் தெரியும், 1931-இல் தொடங்கியது. 1972-இல் அரசு பேருந்துகளை எடுத்துக்கொண்டபோது மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன் என்று போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. பிறகு திண்டுக்கல்லுக்கென்று ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம். 1997-இல் தலைவர்கள், மன்னர்கள் பெயரெல்லாம் எடுக்கப்பட்டு, எல்லாமே தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயின. வண்டியின் பக்கவாட்டில் பெயர் மாறினாலும் பழனி பெரியவர்களின் வாயில் மாறவில்லை. "பாண்டியன்ல போனியா, சேரன்ல போனியா?" என்று கேட்கிற ஒரு தாத்தாவை இப்போதும் அடிவாரத்து டீக்கடையில் சந்திக்கலாம். கேள்வியின் பொருள், நீ எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாய் என்பதுதான்.

ரயிலும் உண்டு. திண்டுக்கல்லிலிருந்து பழனி, பொள்ளாச்சி வழியாகப் போகும் பாதை மீட்டர் கேஜாக இருந்தது. அதை அகலப்படுத்த மூடினார்கள். திண்டுக்கல் - பழனி 2012-இலும், பழனி - பொள்ளாச்சி 2015-இலும் மறுபடி திறந்தன. நடுவில் போன அந்த வருஷங்களில் இந்தப் பாதையின் மொத்தப் பாரமும் பஸ்ஸின் தலையில்தான். ரயில் திரும்பி வந்த பிறகும் பாரம் பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. ரயிலுக்கு ஆயக்குடிக் கொய்யாக்காரி கையைக் காட்டினால் நிற்காது அல்லவா.

ஆயக்குடி கொய்யாவுக்குப் பேர் போன ஊர், பழனிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காலை நேரத்து டவுன் பஸ்ஸில் பின்படிக்கட்டை ஒட்டிக் கூடைகள் அடுக்கியிருக்கும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் காசு வாங்காமல் டிக்கெட் மட்டும் கிழித்துத் தருவார். அந்த மாற்றத்தைக் கணக்குப் புத்தகத்தில் பார்ப்பதைவிட ஸ்டாப்பில் பார்க்கலாம். தனியார் வண்டி வந்து நின்று "ஏறுங்க, ஏறுங்க" என்று கூவினாலும் நகராத பெண்கள், பின்னால் வருகிற இலவச வண்டிக்காக அரை மணி நேரம்கூட நிற்பார்கள். கையில் உள்ள நேரத்துக்கும் காசுக்கும் அவர்கள் போடும் கணக்கு அது. வெளியூர் வண்டியில் அந்தச் சலுகை கிடையாது என்பதால், டவுன் பஸ் எதுவரை போகிறதோ அதுவரை போய், அங்கிருந்து காசு கொடுத்துப் போகிறவர்களும் உண்டு. இப்படி மாறி மாறிப் போகும் வழிகளும் எந்தப் பலகையிலும் எழுதப்படாதவைதான்.

ஒட்டன்சத்திரத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. காய்கறிச் சந்தைக்குப் பேர் போன ஊர். இங்கிருந்து கேரளத்துக்கு லாரி லாரியாகப் போகிறது. பஸ்ஸில் வருவது சில்லறைச் சரக்கு, அதாவது ஒரு கட்டு முருங்கைக்காய், ஒரு சாக்குத் தக்காளி. சாக்குக்கு லக்கேஜ் டிக்கெட் போட வேண்டுமா வேண்டாமா என்பதில் தொடங்கும் பேச்சு சத்திரப்பட்டி வரை நீளும். "அரை சாக்குக்கு டிக்கெட்டா? அதுல பாதி இலைதான் இருக்கு." பெரும்பாலும் கண்டக்டர்தான் தோற்பார். இறங்கும்போது அவர் பக்கத்து சீட்டில் நாலு முருங்கைக்காய் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பழனி நிலையத்தில் மலையாள எழுத்துப் போர்டோடு கேரள அரசு பஸ் நிற்பது புதியவர்களுக்கு ஆச்சரியம் தரும். பாலக்காடு, திருச்சூர்ப் பக்கத்து முருக பக்தர்களுக்குப் பழனி சொந்த ஊர் மாதிரி. கடைக்காரர்களும் குதிரை வண்டிக்காரர்களும் அவர்களைக் கண்டதும் மலையாளத்துக்குத் தாவிவிடுவார்கள்.

நிலையத்தின் வேறொரு மூலையில் கொடைக்கானல் பஸ். அறுபத்து நாலு கிலோமீட்டர்தான், ஆனால் வரதமாநதி அணையைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்துவிடும். வண்டியின் நீளமும் குறைவு, பேச்சும் குறைவு. கையில் எலுமிச்சம்பழத்தோடு ஏறுகிறவர்களுக்கு முன்சீட்டைத் தந்துவிடுவது இங்கே ஒரு வழக்கம். தருகிறவருக்கும் அது நல்லதுதான். மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதை மூடிவிடும், அப்போது மலைக்கிராமத்துக்காரர்கள் வத்தலக்குண்டு வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

சமீபத்தில் திண்டுக்கல் திரும்பும் வண்டியில் எனக்கு முன்னால் நடந்த பேச்சு ஒன்று. பொள்ளாச்சி, திண்டுக்கல் நான்கு வழிச்சாலை வேலையைப் பற்றி ஒரு கல்லூரிப் பையன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஊருக்குள் நுழையாமல் வண்டி பறக்கும், பாதி நேரத்தில் போய்விடலாம் என்றான். பக்கத்தில் சாக்கு மடித்து மடியில் வைத்திருந்த கிழவி அவனைப் பார்த்து, "பறந்தா எங்க ஊருக்காரி எங்கப்பா ஏறுறது?" என்றாள்.

"பைபாஸ்ல நின்னு ஏறிக்கலாம் பாட்டி."

"பைபாஸ்ல கைகாட்டுனா பறக்குறவன் நிப்பானா?"

பையன் கண்டக்டரைப் பார்த்தான். "ஊருக்குள்ள வர்றதுக்குன்னு தனி வண்டி இருக்கும் ஆத்தா" என்றார் அவர்.

"எத்தனை மணி வரைக்கும்?"

எனக்குத் தெரிந்து சரியான கேள்வி அதுதான். பைபாஸ் வந்த மற்ற ஊர்களில் பகல் நேரத்தில் வண்டிகள் ஒழுங்காக உள்ளே வந்து போவதையும், இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே மேம்பாலத்தடியில் ஆட்களை இறக்கிவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன். அப்படி என்னையும் ஒரு வண்டி இறக்கிவிட்டிருக்கிறது, ஏறும்போது ஊருக்குள் போகும் என்று சொல்லித்தான். கிழவி என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் அதைத்தான் கேட்டாள். கண்டக்டர் மணி சொல்லவில்லை. "அதெல்லாம் டைம் ஆபீஸ்ல முடிவு பண்றது ஆத்தா, நீங்க எங்க எறங்கணும்?" என்றார்.

"சத்திரப்பட்டி. நிக்கும்ல?"

"நிக்கும், நிக்கும். முன்னாடி வந்து நில்லுங்க."