எண்ணித் தைத்த பூக்கள்

நீலகிரி மலையில் வாழும் தோடர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி என்ற வெள்ளைப் போர்வையின் ஓரங்களில் சிவப்பும் கறுப்புமாக ஓடும் கோலங்களைக் காண்கிறவர்கள், அவை தறியிலேயே விழுந்தவை என்று சத்தியம் செய்யக்கூடத் தயங்கமாட்டார்கள். அவ்வளவு நெருக்கமாகவும் நேராகவும் இழையோடு இழையாக அவை துணியில் கலந்திருக்கும். ஆயினும் தோடர்கள் நெசவறியாதவர்கள். அவர்களுடைய தொழில் எருமை. துணியோ சமவெளியிலிருந்து வருவது. அந்த முரட்டுப் பருத்தித் துணியின்மேல், பென்ஸிலால் ஒரு கோடுகூட வரையாமல், சட்டத்தில் இழுத்துக் கட்டாமல், ஊடும் பாவுமாக உள்ள இழைகளை எண்ணி எண்ணியே அவர்களுடைய பெண்கள் தைக்கிறார்கள் என்று ஒரு நண்பர் விளக்கிய நாள் முதல், இந்த வித்தை எங்கே, எவரால், எந்தக் காலத்தில் தொடங்கியிருக்கும் என்ற விசாரம் என்னைப் பற்றிக்கொண்டது.

இத்தகைய விசாரம் தோன்றினால் முதலில் புத்தகங்களிடம் சரணடைவதுதானே நம் சுபாவம்! தோடர்களைப் பற்றி எழுதப்பட்டதுபோல இந்தியாவின் வேறு எந்தச் சிறு சமூகத்தைப் பற்றியேனும் எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகம். 1603-இலேயே பினீசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் மலையேறிச் சென்று அவர்களைக் கண்டு கடிதம் எழுதியிருக்கிறார். பிறகு 1832-இல் ஹார்க்னஸ், 1873-இல் பிரீக்ஸ், 1909-இல் ஏழாவது தொகுதியோடு நிறைவுபெற்ற தர்ஸ்டனின் குலவரலாறு என்று வரிசை நீள்கிறது. இவர்களுக்கெல்லாம் சிகரமாக நிற்பவர் ரிவர்ஸ். 1906-இல் வெளிவந்த அவருடைய நூல் எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது; தோடர்களுக்குக் கோயிலாகவும் விளங்கும் பால்மனைகளின் சம்பிரதாயங்கள், எருமைகளின் வகைகள், வம்சாவளிகள், ஈமச்சடங்குகள் ஆகிய ஒவ்வொன்றையும் அவர் ஆராய்ந்திருக்கும் நுட்பம் எவரையும் பிரமிக்கச் செய்யும். ஆனால் ஊசி வேலைக்கு அந்தப் பெருநூலில் கிடைத்த இடம் மிகச் சிறிது. பால்மனை புனிதமானது; அதனுள் பெண்கள் நுழைவதற்கில்லை; ஆராய்ச்சியாளரின் சிரத்தையோ பால்மனையைச் சுற்றியே வட்டமிட்டது. தோடர்களின் கண்பார்வை எத்தகையது, நிறங்களை அவர்கள் எவ்வாறு பிரித்தறிகிறார்கள் என்பவற்றையெல்லாம் தக்க கருவிகளோடு பரிசோதித்துத் தனிக் கட்டுரையே எழுதியவர் அவர்! ஒரு மூதாட்டி சாயங்கால வெளிச்சத்தில் வெள்ளைத் துணியில் வெள்ளை இழைகளை எண்ணிக்கொண்டிருக்கும் காட்சியைவிடப் பார்வைக்குப் பெரிய பரீட்சை வேறு என்ன இருக்கமுடியும் என்று எனக்குத் தோன்றிற்று. பெரியவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

ரிவர்ஸ் திரட்டிய கதைகளுள் ஒன்று, ஓன் என்ற தெய்வம் பூமியிலிருந்து எருமைகளை வரிசை வரிசையாக வரவழைத்ததையும், கடைசி எருமையின் வாலைப் பற்றிக்கொண்டு முதல் தோடன் வெளிப்பட்டதையும் சொல்கிறது. எருமை பிறந்த கதையும் மனிதன் பிறந்த கதையும் இருக்க, நான் புரட்டிய கதைகளில் ஊசி பிறந்த கதை மட்டும் அகப்படவில்லை. இனி மனிதர்களைக் கேட்பதே வழி என்று உதகமண்டலத்துக்குப் பிரயாணமானேன்.

உதகைக்கு அப்பால் மந்து எனப்படும் தோடர் குடியிருப்பு ஒன்றில், வீட்டு முற்றத்துப் புல்லில் வெயிலுக்கு முதுகைக் காட்டியபடி ஓர் அம்மையார் தைத்துக்கொண்டிருந்தார். எருமைகள் சரிவில் மேய்ந்தன. அனுமதி பெற்று அருகே அமர்ந்தேன். கடையில் வாங்கிய உல்லன் நூல், சாதாரண ஊசி, துணியோ கீழ்நாட்டுச் சரக்கு. இடது கட்டைவிரல் நகம் துணியின்மேல் ஓர் இழையிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்துகொண்டே செல்ல, ஊசி அதைத் தொடர்ந்து சில இழைகளைத் தாண்டியும் சில இழைகளை அள்ளியும் போயிற்று. வரிசை முடிந்து திரும்பும்போது நூலை இறுக்கி இழுத்துவிடாமல் சிறு கண்ணியாக விட்டார். அந்தத் தளர்ச்சியினால்தான் பூக்கள் துணியைவிட்டுச் சற்றே புடைத்து நிற்கின்றன. அடுத்த வரிசைக்கு வரைபடம், முடிந்த வரிசையேதான். ஓர் இழை தவறினால் மேலே வரும் அத்தனை வரிசைகளும் சாய்ந்துபோகும்.

“யார் அம்மா இதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?” என்றேன்.

“யாரும் உக்கார வச்சுச் சொல்லித் தரலீங்க. அம்மா தைக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேனுங்க.”

“இதை முதன்முதலில் ஆரம்பித்தவர் யாரென்று பெரியவர்கள் ஏதாவது சொல்வதுண்டா?”

“எருமை என்னைக்கு வந்துச்சோ அன்னைக்குங்க. இதோ, எருமைக் கொம்பு இருக்குதில்லீங்க?” என்று, கறுப்பும் சிவப்புமாக வளைந்திருந்த ஒரு கோலத்தைத் தொட்டுக்காட்டினார். நான் அடுத்த கேள்விக்கு வாய் திறக்குமுன், “கொஞ்சம் பேசாம இருங்க ஐயா, எண்ணிக்கை விட்டுப்போகும்” என்றார்.

பேசாமலிருந்தேன். என் விசாரத்துக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்கப்போவதில்லை என்று அந்த மௌனத்தில் எனக்குப் பட்டது. துணி ஒருவருடையது, நூல் மற்றொருவருடையது, ஊசி எல்லோருடையது. அந்த எண்ணிக்கை மட்டுமே இவர்களுடையது. அது புத்தகத்தில் ஏறாமல், தாயின் விரலைப் பார்த்த மகளின் கண் வழியாகவே இறங்கி வந்திருக்கிறது. மாதக்கணக்கில் ஒரு போர்வையோடு அமர்ந்திருப்பதைப் பொறுமை என்று நாம் புகழ்கிறோம். அவருக்கோ அது நாள் கழியும் முறை. விரைவாகச் செய்வதென்றால் எண்ணாமல் செய்ய வேண்டும், எண்ணாவிட்டால் பூ இல்லை.

இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். தோடர் குலத்தில் ஒருவர் இறந்தால் பூவேலை செய்த போர்வையால் உடலைச் சுற்றித்தான் தகனம் செய்கிறார்கள். அத்தனை வரிசைகளும், அத்தனை கண்ணிகளும் சற்று நேரத்தில் சாம்பலாகும். பழமையான சான்றுகளைத் தேடுகிறவனுக்கு இதைவிட ஏமாற்றம் வேறில்லை. சிறந்த துணிகளை நெருப்புக்கே கொடுத்துவிட்டவர்களிடம் அரும்பொருட்காட்சிச்சாலைக்கு என்ன மிஞ்சும்? ஆனால் துணி அழிந்தாலும் அடுத்த போர்வை தைக்கப்பட்டாக வேண்டும் என்ற நிர்ப்பந்தமே இக்கலையைக் காத்து வந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பெட்டியில் பூட்டிவைத்துப் போற்றியிருந்தால் கைகள் எப்போதோ மறந்திருக்கும்.

2013-இல் இப்பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தும், இதே கோலங்களை இயந்திரத்தில் அச்சடித்த சால்வைகளையும் பைகளையும் மலைக்கடைகளில் கண்டேன். நீலகிரிக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாங்குமுன் துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் தைத்தது இரண்டு பக்கமும் பார்க்கத் தக்கதாயிருக்கும்; அச்சடித்தது ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். கைவேலை என்று தெரிந்தபின் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.