அப்பாவின் கேமராவுக்கு என்ன வயது?

அப்பா தவறி ஓராண்டு ஆகிறது. அவருடைய அலமாரியைத் திறக்க அம்மாவுக்குப் போன மாதம்தான் மனம் வந்தது. வேட்டிகளுக்கு அடியில் ஒரு தோலுறை. அதற்குள் அவருடைய கெனோனெட் கேமரா. உறையின் மடிப்பில் பாட்டியின் படம்.

அந்தப் படத்தின் கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டையோடு பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அப்பாவிடம் நீல அட்டை இருந்தது, பாட்டியிடம் சிவப்பு. 1970-இல் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறிய பாட்டி திரும்பி வரவேயில்லை. கிளம்பும் முன் அப்பா தன் கேமராவில் எடுத்த படம்தான் அது என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம்.

இந்த நேரத்தில்தான் என் மகளின் பள்ளியில் பழம்பொருள் கண்காட்சி வந்தது. கேமராவைக் கொண்டு போகிறேன் என்றாள். "கொள்ளுப்பாட்டியைப் படம் எடுத்த கேமரா, 1970" என்று அட்டையும் எழுதிவிட்டாள். ஆனால், பொருளின் வயதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றும் எழுத வேண்டுமாம். "அப்பா, எப்படிக் கண்டுபிடிச்சோம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

முதலில் அடித்தகட்டில் இருந்த எண்ணைப் பார்த்தேன். எண் தெரிந்தால் ஆண்டு தெரியும் என்று நினைத்தேன். சில கேமராக்களுக்கு அது சரிதான். ரஷ்யாவின் பழைய சோர்க்கி கேமராக்கள் பலவற்றில் தொடர் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே ஆண்டு. லைக்காவுக்கு எந்த எண் எந்த ஆண்டு என்ற பட்டியலே உண்டு. நம் வீடுகளில் புழங்கிய ஜப்பான் கேமராக்கள் அவ்வளவு சுலபமாக வயதைச் சொல்வதில்லை. உடலில் ஒட்டியிருந்த தங்க நிற 'பாஸ்ட்' வில்லையும் உதவவில்லை. ஏற்றுமதிச் சோதனையில் தேறியது என்பதைத்தான் அது சொல்கிறது, ஆண்டைச் சொல்வதில்லை.

பட்டணத்தில் கேமரா பழுது பார்க்கும் சீனப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். படம் எடுத்து அனுப்பிவிட்டு, போனில் கேட்டேன். "எண்ணை விடு, மாடலைப் பார்" என்றார் மலாயில்.

கெனான் நிறுவனம் முதல் கெனோனெட்டை வெளியிட்டது 1961 ஜனவரியில். ஒரு வாரத்துக்கென்று வைத்திருந்த சரக்கு இரண்டே மணி நேரத்தில் தீர்ந்துபோனதாம். அதில் லென்சைச் சுற்றிலும் ஒளியை அளக்கும் செலீனியம் வளையம் இருக்கும். படச்சுருளைச் சுலபமாக மாட்டும் 'கியூஎல்' வசதி 1965-இல் வந்தது. அப்போதைய கியூஎல் 17-இல் 45 மில்லிமீட்டர் லென்சு. 1969-இல் உடலைச் சிறிதாக்கி 40 மில்லிமீட்டர் லென்சு வைத்தார்கள். அப்பாவுடையதில் 40 என்று இருந்தது. பெரியவர் சொன்னார்: "அப்படியென்றால் 1969. சரியாக இருக்கிறதே!"

எனக்கு நிம்மதி. அக்காவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் கேமராவை அவரிடமே எடுத்துப் போனேன். பின்மூடியைத் திறந்தார். ஒளி புகாமல் இருக்க வைத்த பஞ்சு தாராக உருகிக் கையில் ஒட்டியது. பேட்டரிக் குழியில் பச்சைக் களிம்பு. அந்த 1.35 வோல்ட் பாதரச பேட்டரிகள் இப்போது கிடைப்பதில்லை. ஆனாலும் பொத்தானை அழுத்தினால் 'கிளிக்' என்றது. கைமுறையில் எடுக்க இதற்குப் பேட்டரி தேவையில்லை. கண் வைத்துப் பார்த்தேன். நடுவில் மஞ்சள் கட்டத்துக்குள் கடையின் கடிகாரம் இரண்டாகத் தெரிந்தது. வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன.

பெரியவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு கேமராவை வெளிச்சத்தில் திருப்பினார். "இதை நேற்று நான் பார்க்கவில்லை" என்று விரலால் காட்டினார். தேய்ந்து போயிருந்தாலும் படிக்க முடிந்தது: ஜி-III.

ஜி-III வெளிவந்தது 1972-இல். 1969 மாடலும் இதுவும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. அந்தச் சிறிய எழுத்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. பாட்டி கப்பல் ஏறியபோது இந்தக் கேமரா உலகத்திலேயே இல்லை.

வீட்டுக்கு வந்து பாட்டியின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சதுரமான படம். இந்தக் கேமராவில் ஒரு படம் 24-க்கு 36 மில்லிமீட்டர், நீள்சதுரம். வெட்டினால் தவிர சதுரம் வராது. இத்தனை வருடம் கையில் வைத்திருந்தும் இது கண்ணில் படவில்லை.

அக்காவிடம் சொன்னபோது, "அப்பா பொய் சொல்லிட்டாரா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. படமும் கேமராவும் ஒரே உறையில் இருந்தன. கதையை நாங்களாகக் கட்டிக்கொண்டோம்.

சுங்கை பட்டாணியில் இருக்கும் சின்ன அத்தைக்குப் போன் போட்டேன். பாட்டி கிளம்பியபோது அத்தைக்குப் பதினைந்து வயது.

"உங்கப்பாகிட்ட அப்ப ஏதுய்யா கேமரா? அது கிராணி எடுத்த படம். மேலேர்ந்து குனிஞ்சு பார்ப்பாங்களே, ரெண்டு கண்ணு வச்ச பொட்டி, அதுல எடுத்தாரு. லயத்து வாசல்ல அம்மாவ நிக்க வச்சி எடுத்தாரு. ஒரே ஒரு படம்தான் கழுவிக் குடுத்தாரு. ஊருக்கு ஒண்ணு அனுப்பணும், இன்னொண்ணு குடுங்கன்னு உங்கப்பா எத்தனையோ தடவ போய்க் கேட்டாரு. கிராணி வேற தோட்டத்துக்கு மாறிப் போயிட்டாரு. அந்த வேகத்துலதான் ஓவர்டைம் செஞ்சி, பினாங்குல பழசா அந்தக் கேமராவ வாங்கினாரு. உங்களையெல்லாம் எடுத்து எடுத்து அம்மாவுக்குத் தபால்ல அனுப்புவாரு. அதுக்குத்தான் வாங்கினதே."

சிறிது நேரம் என்னால் பேச முடியவில்லை.

பிறகு ஆல்பத்தைப் புரட்டினேன். நீள்சதுரமான முதல் படம், 1975-இல் எடுத்த என் முதல் பிறந்தநாள். ஆக, கேமரா 1972-க்கு முந்தையது இல்லை. 1975-க்கு முன்பே அப்பா கைக்கு வந்துவிட்டது. இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல வழியில்லை. மாடல் சொல்வது கேமரா பிறந்திருக்கக்கூடிய காலத்தை மட்டும்தான். அது யார் கைக்கு எப்போது வந்தது என்பதை ஆல்பத்தையும் அத்தைமார்களையும்தான் கேட்க வேண்டும். அத்தைமார்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

ஆல்பத்தில் சில பக்கங்களில் ஒட்டிய தடம் மட்டும் இருக்கிறது, படம் இல்லை. யாரோ தொலைத்துவிட்டார்கள் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அவையெல்லாம் கடல் தாண்டிப் பாட்டியிடம் போயிருக்க வேண்டும். எங்களைப் பாட்டி ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் நாங்கள் வளர்ந்ததைப் பார்த்திருக்கிறார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மாசாமாசம் தபால் ஆபீசுக்குப் போவாரு. காசு அனுப்பத்தான் போறாருன்னு நெனச்சேன்" என்றார். கேமராவை வாங்கி முந்தானையால் ஒருமுறை துடைத்து என்னிடமே கொடுத்தார்.

மகள் பழைய அட்டையைக் கிழித்துவிட்டு வேறு எழுதினாள்: "என் தாத்தாவின் கேமரா. 1972-க்குப் பிறகு செய்தது. தூரத்தில் இருந்த தன் அம்மாவுக்குப் பேரப்பிள்ளைகளைக் காட்ட வாங்கியது."

கண்காட்சி முடிந்து கேமரா வீட்டுக்கு வந்துவிட்டது. பஞ்சை மாற்றப் பெரியவரிடம் கொடுத்திருக்கிறேன். முதல் படச்சுருளில் அத்தையை எடுக்க வேண்டும். படத்தின் பின்னால் தேதியையும், எந்தக் கேமராவில் எடுத்தது என்பதையும் மறக்காமல் எழுதி வைக்கப் போகிறேன்.